மதகுரு ஒலிபெருக்கி அல்ல: சூழல் வேலைக்கு மூன்று தரப்பை ஒன்றுசேர்ப்பது எப்படி?

சூழல் வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் பிடிக்கிறார்கள். ஒரு நீர்நிலை கெடுகிறது, அல்லது ஒரு காடு குறைகிறது. ஆய்வாளர் அறிக்கை எழுதிவிட்டார். ஊரில் யாரும் படிக்கவில்லை. யார் சொன்னால் மக்கள் கேட்பார்கள் என்று யோசித்து, மதத்தலைவர் ஒருவரைத் தேடிப்போய், "அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று ஒரு தாளை நீட்டுகிறார்கள். அவரும் மறுக்க மனமில்லாமல் சொல்லிவிடுகிறார். கைதட்டல், குழுப்படம், எங்கோ ஒரு மூலையில் செய்தி. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் தண்ணீர் அதே நிறத்தில்தான் கிடக்கிறது.

நானும் இதைச் செய்தவன்தான். முதல் தடவை நான் அச்சடித்துக் கொண்டுபோன தாளை அந்தப் பெரியவர் முழுக்கப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளை இரண்டாக மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க தம்பி. ஆனா இதுல நான் எங்க இருக்கேன்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் குரல் எனக்கு வேண்டியிருந்தது. அவருடைய யோசனை வேண்டியிருக்கவில்லை. அது அவருக்கு முதல் நிமிடத்திலேயே புரிந்துவிட்டது.

மதமும் அறிவியலும் மக்களும் ஒரே வேலையில் கைகோத்த இடங்கள் உலகெங்கும் இருக்கின்றன. சில வெற்றி பெற்றன, சில பாதியில் நின்றன. அவற்றிலிருந்தும் சொந்த அடிகளிலிருந்தும் கற்றதை வரிசைப்படுத்திச் சொல்கிறேன். வரிசை முக்கியம், ஒரு படியைத் தாண்டினால் பின்னால் திரும்பி வந்து அதைச் செய்ய வேண்டியிருக்கும்.

முதல் படி: ஒரே ஒரு விஷயத்தைப் பிடியுங்கள்

"சுற்றுச்சூழலைக் காப்போம்" என்று அழைத்தால் எல்லாரும் வருவார்கள், ஆனால் வந்தவர்களுக்கு வேலை இருக்காது. எல்லை போட்டுக் காட்டக்கூடிய, நேரில் போய்ப் பார்க்கக்கூடிய, ஓரிரு வருடத்தில் மாற்றம் தெரியக்கூடிய ஒரு விஷயத்தை எடுங்கள். ஒரு குளத்தில் விழும் கழிவு, ஒரு மலைச்சரிவில் நடக்கும் வெட்டு, ஒரு பறவைக்கு விரிக்கப்படும் வலை.

நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். அமுர் வல்லூறு என்பது புறா அளவுப் பறவை. வடகிழக்கு ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவின் தென்பகுதிவரை பறந்துபோகும் வழியில், அக்டோபர், நவம்பர் மாதங்களில் தோயாங் நீர்த்தேக்கத்தை ஒட்டிய மரங்களில் கூட்டம் கூட்டமாக இறங்கும். 2012-இல் அங்கே மீன்வலைகளை மரங்களுக்கிடையே கட்டி, அந்த ஒரே பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளைப் பிடித்துக் கொன்றதாக மதிப்பிடப்பட்டது. அந்தக் காட்சிகள் வெளியே வந்ததும் பெரிய கண்டனம் எழுந்தது. ஆனால் மாற்றம் வந்தது கண்டனத்தால் மட்டுமல்ல. பாங்டி உள்ளிட்ட ஊர்களின் கிராம மன்றங்கள் வலை கட்டக் கூடாது என்று தீர்மானம் போட்டன, தேவாலயங்கள் அதைத் தங்கள் பேச்சாக எடுத்துக்கொண்டன, பறவை ஆய்வாளர்களும் வனத்துறையும் கூடவே நின்றார்கள். 2013 பருவத்தில் அங்கே ஒரு பறவைகூட வலையில் பிடிபட்டதாகப் பதிவு இல்லை. ஒரே வருடம்! இவ்வளவு வேகமாக நடந்ததற்கு முதல் காரணம், கேட்டது ஒன்றே ஒன்று என்பதுதான்: வலை கட்டாதீர்கள். "பல்லுயிர் வளத்தைப் பேணுங்கள்" என்று கேட்டிருந்தால் இன்றுவரை கூட்டம் நடந்துகொண்டிருக்கும்.

இரண்டாம் படி: சொல்லுக்கு மரியாதை எங்கே இருக்கிறது?

பதவிப் பெயரைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பத்துப் பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள்: "வீட்டில் பெரிய சண்டை வந்தால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?" வருகிற பெயர்களை எழுதுங்கள். பல இடங்களில் முதல் பெயர் வழிபாட்டிடத்தின் தலைவருடையதாக இருக்காது. பிரார்த்தனைக் குழுவை நடத்தும் ஒரு பெண்மணி, ஓய்வுபெற்ற வாத்தியார், சமயப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஓர் இளைஞர் என்று வரும். தலைவரையும் பாருங்கள், அவர்களையும் பாருங்கள். தலைவரை விட்டுவிட்டு மற்றவர்களிடம் போனால் முறையில்லை. தலைவரோடு நின்றுவிட்டால் வேலை நடக்காது.

அதோடு, அந்த நிறுவனத்தின் கையில் என்னவெல்லாம் இருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்: நிலம், பள்ளிக்கூடம், சமையற்கூடம், வாரந்தோறும் தானாகக் கூடும் கூட்டம், வருடம் முழுதுக்குமான நாட்காட்டி. இவ்வளவும் எந்தச் சூழல் அமைப்பிடமும் கிடையாது. சீனாவின் சிங்காய் மாகாணத்தில் சஞ்சியாங்யுவான் பகுதியில் பனிச்சிறுத்தைகளை ஆராய்ந்தவர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. அங்குள்ள 336 திபெத்திய பௌத்த மடாலயங்களில் ஏறக்குறையப் பாதி பனிச்சிறுத்தையின் வாழிடத்துக்குள்ளேயே இருந்தன. அரசின் காப்பகங்கள் காப்பதைவிட மடங்களின் புனித மலைகள் காக்கும் வாழிடம் அதிகமாக இருக்கலாம் என்பது அவர்கள் வந்தடைந்த முடிவு. துறவிகள் ஏற்கெனவே அந்த மலைகளில் நடந்து வேட்டைக்காரர்களைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட, நடந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடித்துக் கைகொடுப்பது எளிது.

ஒன்றுக்கு மேற்பட்ட மதத்தார் வாழும் ஊர் என்றால், எல்லாத் தரப்பையும் ஒரே வாரத்துக்குள் சந்தித்துவிடுங்கள். நீங்கள் முதலில் எந்த வாசலுக்குப் போனீர்கள் என்ற செய்தி நீங்கள் வீடு திரும்புவதற்குள் ஊரைச் சுற்றிவிடும்.

மூன்றாம் படி: முதல் சந்திப்பில் எதுவும் கேட்காதீர்கள்

இருவராகப் போங்கள், மூவர் என்றால் அது தூதுக்குழு. கேமரா வேண்டாம், கையில் தாள் வேண்டாம். உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லையென்றால் இருப்பதுபோல் நடிக்கவும் வேண்டாம். மதகுருமார்கள் வாழ்நாள் முழுக்க மனிதர்களைப் பார்க்கிறவர்கள், நடிப்பு அவர்களிடம் செல்லாது. அதே சமயம் உங்கள் நம்பிக்கையின்மையை விளக்கவும் அது இடமில்லை.

மூன்று கேள்விகள் போதும். இந்த இடம் உங்கள் சின்ன வயதில் எப்படி இருந்தது? உங்களிடம் வருகிறவர்கள் இதைப் பற்றி என்ன புலம்புகிறார்கள்? இதைக் காக்க உங்கள் மரபில் முன்பு ஏதாவது வழக்கம் இருந்ததா, இருந்தால் அது எப்போது நின்றது?

மூன்றாவது கேள்விதான் தங்கம். இன்ன மாதத்தில் இந்தப் பக்கம் வலை போட மாட்டோம், இந்த மரத்தில் கத்தி வைக்க மாட்டோம், ஊற்றுக்கண்ணுக்கு மேலே யாரும் குளிக்க மாட்டோம் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் வரும். அதை நீங்கள் திட்டமாக மாற்ற முயலாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள். விடைபெறும்போது, "அந்த இடத்தை ஒருநாள் எங்களுக்குக் காட்டுவீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டாம் சந்திப்பு அந்த இடத்தில் நடக்கட்டும்.

"மரம், மிருகம் என்கிறீர்கள், முதலில் மனிதனுக்குச் சோறு வேண்டாமா?" என்று அவர் கேட்கக்கூடும். கட்டாயம் கேட்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வாதாடிப் பதில் சொல்லாதீர்கள். அந்தக் கேள்வியே உங்கள் ஏழாம் படி.

நான்காம் படி: ஆய்வாளரைத் தயார்செய்வது

புதியவர்கள் மதத்தலைவரைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். என் அனுபவத்தில் அதிக வேலை வாங்குகிறவர் ஆய்வாளர்.

முதல் தயக்கம், மதத்தோடு சேர்ந்து நின்றால் அறிவியலின் பெயர் கெடுமோ என்பது. அவரிடம் ஒரு பழைய சேதியைச் சொல்லுங்கள். 1990-இல் வானியலாளர் கார்ல் சேகனும் வேறு பல விஞ்ஞானிகளும் சேர்ந்து உலகின் மதத்தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். புனிதமாகக் கருதப்படும் பொருளை மனிதர்கள் அக்கறையோடு நடத்துவார்கள், ஆகவே பூமியைக் காக்கும் வேலையில் நீங்களும் சேருங்கள் என்பது அதன் சாரம். சேகன் கடவுள் நம்பிக்கைக்குப் பெயர்போனவர் அல்லர். நம்பச் சொல்லி இங்கே யாரும் யாரையும் கேட்கவில்லை.

இரண்டாவது சிக்கல் பேச்சு. ஆய்வாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஒரு படம், ஒரு எண், தெரியாத ஒரு விஷயம். இவ்வளவுதான் முதல் கூட்டத்துக்கு. எத்தியோப்பியாவின் வடபகுதியில் மரபுவழி (ஆர்த்தடாக்ஸ்) கிறித்தவத் திருச்சபையின் கோயில்களைச் சுற்றி மட்டும் பழைய காடுகள் வட்ட வட்டமாக எஞ்சியிருக்கின்றன; மற்றதெல்லாம் வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறிவிட்டது. காட்டியல் ஆய்வாளர் அலெமாயேஹு வாஸ்ஸியும் அமெரிக்க உயிரியலாளர் மெக் லோமனும் அங்குள்ள குருமார்களைக் கூட்டி, மேலிருந்து எடுத்த படங்களைக் காட்டினார்கள். பழுப்பு நிலத்தில் சின்னச் சின்னப் பச்சைப் பொட்டுகள். தன் கோயிலை உள்ளிருந்தே பார்த்துப் பழகியவருக்கு, அது எவ்வளவு சின்னதாகிவிட்டது என்று சொல்ல வேறு வார்த்தை தேவைப்படவில்லை. காட்டைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பும் வேலை அதிலிருந்து வளர்ந்தது. மாடு உள்ளே நுழைந்து கன்றுகளைக் கடிப்பது நின்றது. சுவருக்கான கற்களைப் பக்கத்து வயல்களிலிருந்தே பொறுக்கியதால் உழவர்களுக்கும் ஏர் ஓட்டச் சுலபமாயிற்று. வெளியிலிருந்து வரும் நிபுணருக்கு இப்படி ஒரே கல்லில் இரண்டு வேலை தோன்றுவது அரிது.

"தெரியாத ஒரு விஷயம்" என்றேனே, அது ஏன்? எல்லாம் தெரிந்தவராக ஆய்வாளர் வந்து நின்றால் மற்ற இருவருக்கும் அங்கே வேலையில்லை. நான் இருந்த ஒரு கூட்டத்தில் இளம் ஆய்வாளர் ஒருவர் மீன் இனப்பெருக்க மாதங்களை வண்ண அட்டவணையாகத் திரையில் போட்டார். பின்வரிசையில் ஒரு வயதான மீனவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார், இருவரும் சிரித்தார்கள். என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல தம்பி, நீங்க போட்டிருக்கிற மாசத்துல அது முட்டைய விட்டுட்டுப் போயே போயிருக்கும்" என்றார். ஆய்வாளர் முகம் சிவந்துவிட்டது. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார்: நோட்டை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்கே போய் உட்கார்ந்தார். அந்தக் கூட்டம் அந்த நிமிடத்தில்தான் தொடங்கியது என்பேன்.

இதன் பெரிய வடிவம் பாலித் தீவில் நடந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் மதமரபு என்றாலே பழைய நம்பிக்கை, அறிவியல் வந்து திருத்த வேண்டியது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு அடியாழத்தில் உண்டு. அங்கே மலைச்சரிவு வயல்களுக்கு வாய்க்கால் நீரைப் பங்கிடுவது சுபக் என்ற உழவர் சங்கங்கள். எந்தச் சங்கம் எப்போது நட வேண்டும், எப்போது தரிசாகப் போட வேண்டும் என்ற முறை நீர்க்கோயில்களில் முடிவாகும். 1970-களில் பசுமைப் புரட்சி வந்தது. முறையெல்லாம் வேண்டாம், எவ்வளவு முடியுமோ அவ்வளவு முறை நடுங்கள் என்றார்கள் அதிகாரிகள். முதலில் விளைச்சல் கூடியது. பிறகு தண்ணீர்ச் சண்டை, அதைத் தொடர்ந்து புகையான் என்ற நெற்பூச்சி, எலி. ஒரு வயல் அறுவடையாகும்போது பக்கத்து வயல் பச்சையாக நின்றால் பூச்சிக்கு வருடம் முழுக்க விருந்துதானே? எல்லாரும் ஒன்றாக நட்டு ஒன்றாகத் தரிசு விட்டால் அதற்கு இரையில்லாமல் போகும். ஆனால் எல்லாரும் ஒன்றாக நட்டால் தண்ணீர் ஒரே நாளில் எல்லாருக்கும் வேண்டும். இந்த இரண்டு நெருக்கடிக்கும் நடுவில் எத்தனை சங்கங்கள் சேர்ந்து ஒரே நாளில் நடுவது நல்லது என்ற கணக்கைத்தான் கோயில்கள் போட்டுவந்தன. மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரீமரும் இதைக் கணினியில் மாதிரியாக ஓட்டிப் பார்த்தபோது, கோயில் முறைக்கு நெருக்கமான ஏற்பாடுதான் நல்ல விளைச்சல் தந்தது. சுபக் முறை சார்ந்த நிலப்பரப்பை யுனெஸ்கோ 2012-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

உங்கள் ஆய்வாளரிடம் இந்தக் கதையைக் கூட்டத்துக்கு முன்பே சொல்லுங்கள். அவர் கேள்வியோடு வருவார்.

ஐந்தாம் படி: மூவரும் சேரும் முதல் கூட்டம்

மண்டபம் வேண்டாம். மண்டபத்தில் மேடை இருக்கும். மேடை இருந்தால் யார் மேலே, யார் கீழே என்ற கேள்வி வரும். பிரச்சினை இருக்கும் இடத்திலேயே நடங்கள். கான்ஸ்டான்டினோபிளின் மரபுவழித் திருச்சபைத் தலைவர் பர்த்தலமேயு 1995 முதல் மதமும் அறிவியலும் சூழலும் சந்திக்கும் கருத்தரங்குகளை நடத்தினார். ஏஜியன் கடல், 1997-இல் கருங்கடல், 1999-இல் டான்யூப் ஆறு என்று, எந்த நீர் கெட்டுக்கொண்டிருந்ததோ அதன்மீதே கப்பலில் போனார்கள். கப்பலில் ஒரு வசதி உண்டு: தன் பேச்சு முடிந்ததும் எவரும் எழுந்து காரில் ஏறிப் போய்விட முடியாது. உங்களிடம் கப்பல் இருக்காது. ஆனால் திரும்பிவர ஒன்றரை மணி நேரம் ஆகும் ஒரு நடைபாதை இருக்கும்.

பதினைந்து இருபது பேருக்கு மேல் வேண்டாம். நோன்பு நாள், விழா நாள், அறுவடை, தேர்வு எல்லாம் பார்த்துத் தேதி வையுங்கள். எல்லா மதத்து நாட்காட்டியும் உங்கள் மேசையில் இருக்க வேண்டும். பத்திரிகையாளர்களை இப்போது அழைக்காதீர்கள்.

பேசும் வரிசையை மாற்றுங்கள். வழக்கமாக ஆய்வாளர் முதலில் பேசி, தலைவர் ஆசியுரை சொல்லி, மக்களுக்குக் கடைசியில் பத்து நிமிடம் கேள்வி நேரம் கிடைக்கும். இதைத் தலைகீழாக்குங்கள். அந்த இடத்தால் பிழைக்கிறவர்கள் முதலில் பேசட்டும், அடுத்து சமயப் பெரியவர், கடைசியில் ஆய்வாளர். கேட்டுவிட்டுப் பேசும் ஆய்வாளர் தன் உரையில் பாதியைத் தானே வெட்டிவிடுவார். பெண்கள் பொதுக்கூட்டத்தில் வாய் திறக்காத ஊரென்றால், அவர்களைத் தனியாகச் சந்தித்து, அவர்கள் சொன்னதை அவர்களில் ஒருவரே வந்து படிக்கும்படி செய்யுங்கள். தண்ணீரும் விறகும் யார் தலையில் விடிகிறதோ அவர்கள் இல்லாமல் எடுக்கும் முடிவு நிற்காது.

ஆறாம் படி: வேதவாக்கை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள்

இணையத்தில் தேடி எல்லா மதத்திலிருந்தும் இயற்கையைப் பற்றி ஒரு வரி எடுத்து, ஒரே சுவரொட்டியில் அடுக்குவது புதியவர்களுக்குப் பிடித்த வேலை. விட்டுவிடுங்கள். அவரவர் நூலை அவரவர் விளக்கட்டும். 1986-இல் உலக வனவிலங்கு நிதியத்தின் 25-ஆம் ஆண்டையொட்டி இத்தாலியின் அசிசி நகரில் பௌத்தம், கிறித்தவம், இந்து சமயம், இஸ்லாம், யூதம் ஆகிய ஐந்தின் பிரதிநிதிகள் கூடினார்கள். ஐவருக்கும் பொதுவாக ஓர் அறிக்கை எழுதச் சொல்லவில்லை. ஒவ்வொரு சமயமும் தன் நூல்களிலிருந்து, தன் மொழியில், தனி அறிக்கை தந்தது. எல்லாரையும் ஒரே வாக்கியத்தில் கையெழுத்துப் போட வைத்தால் அந்த வாக்கியத்தில் உப்பு இருக்காது.

தலைவரின் சொல் தானாக வரும்போது அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு குஜராத்தின் திமிங்கலச் சுறா நல்ல உதாரணம். கல்லீரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடப்பட்ட அந்த மீன், 2001-இல் இந்தியச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் கரையில் பலருக்கு அது தெரியாது. ஈட்டி குத்தியபின் அது மூழ்காமலிருக்கப் பீப்பாய்களைக் கட்டிவிடுவதால் மீனவர்கள் அதைப் 'பேரல்' என்றே அழைத்தார்கள். 2004-இல் தொடங்கிய பிரசாரத்தில் கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபு சேர்ந்தார். இந்த மீன் பிரசவத்துக்குப் பிறந்தகம் வரும் மகளைப் போன்றது, வீட்டுக்கு வந்த மகளை யாராவது கொல்வார்களா என்றார். பெயரே மாறிவிட்டது: இப்போது அது 'வ்ஹாலி', குஜராத்தியில் அன்புக்குரியவள். எந்த ஆய்வறிக்கையாலும் இந்த உவமையை உண்டாக்கியிருக்க முடியாது. இதில் ஆய்வாளருக்கு ஒரு கடமையும் உண்டு. உவமை வேறு, நிறுவப்பட்ட செய்தி வேறு. அந்தக் கரையில்தான் அது குட்டி போடுகிறது என்று அந்தப் பேச்சை வைத்து அறிக்கையில் எழுதிவிடக் கூடாது.

ஏழாம் படி: யாருக்கு நஷ்டம்?

இதை வெளிப்படையாக எழுதுங்கள். ஒரு காகிதத்தில் இரண்டு பத்தி: இந்த மாற்றத்தால் யாருக்கு எவ்வளவு இழப்பு, அதை யார் ஈடுசெய்வது. குஜராத்தில் தெரியாமல் வலையில் சிக்கிய சுறாவை விடுவிக்க மீனவர் வலையை அறுக்க வேண்டும். வலை விலைமதிப்புள்ள பொருள். அறுத்த வலைக்கு மாநில அரசு இழப்பீடு தரத் தொடங்கிய பிறகுதான் உவமைக்குக் கால் முளைத்தது. நூற்றுக்கணக்கான சுறாக்கள் கடலுக்குத் திரும்பின.

நஷ்டம் எப்போதும் பணம் அல்ல. தென்னாப்பிரிக்காவின் நசரேத் பாப்டிஸ்ட் திருச்சபையில், ஷெம்பே என்று மக்கள் சொல்வது, ஆண்கள் வழிபாட்டு நடனத்தில் சிறுத்தைத் தோலைப் போர்த்துவார்கள். அது மரியாதையின் அடையாளம். தோல் வேண்டாம் என்று சொன்னால் மரியாதையை விட்டுவிடு என்று பொருள். பான்தெரா என்ற அமைப்பு 2013 முதல் அசல்போலவே தோன்றும் செயற்கைத் தோலைச் செய்து திருச்சபையாருக்கு வழங்கியது. மட்டமான துணியில் செய்திருந்தால் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். தலைவரிடம் போகும்போது "இதை நிறுத்தச் சொல்லுங்கள்" என்று மட்டும் போகாதீர்கள், அவர் மக்களுக்குக் கொடுக்க ஏதாவது அவர் கையில் இருக்க வேண்டும்.

எட்டாம் படி: ஒப்பந்தம்

ஒரு பக்கம் போதும். என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம், மீறினால் என்ன, யார் பார்த்துக்கொள்வது, எப்போது திரும்பக் கூடுவது. தண்டனையை ஊரே முடிவுசெய்யட்டும்.

காகிதத்தோடு சடங்கும் சேர்ந்தால் பிடிப்பு கூடும். தாய்லாந்தில் 1980-களின் கடைசியிலிருந்து பௌத்தத் துறவிகள் மரங்களுக்குக் காவித் துணி சுற்றித் துறவு கொடுக்கும் சடங்கு செய்துவருகிறார்கள். கோடரியோடு வருகிறவன் அந்தத் துணியைப் பார்த்ததும் ஒரு நொடி நிற்பான். ஜான்சிபாரின் பெம்பா தீவை அடுத்த மிசாலியில் மீனவர்கள் வெடி வைத்து மீன் பிடித்துப் பவளப்பாறைகளை உடைத்துக்கொண்டிருந்தபோது அரசுத் தடை பெரிதாகப் பலிக்கவில்லை. 1990-களின் இறுதியில் இஸ்லாமிய அறிஞர்கள் வந்து, மனிதன் படைப்பின் சொந்தக்காரன் அல்லன், பொறுப்பாளன் என்ற திருக்குர்ஆன் கருத்தை வைத்து மீனவர்களோடும் இமாம்களோடும் பேசிய பிறகே நிலைமை திரும்பியது. ரோந்துப் படகு இல்லாத இரவிலும் இறைவன் பார்க்கிறான் அல்லவா?

ஆனால் மேலிடத்து ஆணையை மட்டும் நம்பாதீர்கள். இந்தோனேசியாவின் உலமா மன்றம், அதாவது இஸ்லாமிய அறிஞர்களின் மன்றம், 2014-இல் அரிய விலங்குகளை வேட்டையாடுவதும் விற்பதும் கூடாது என்று ஃபத்வா என்ற மார்க்கத் தீர்ப்பு கொடுத்தது. நல்ல ஆயுதம். ஆனால் காட்டோரத்துப் பள்ளிவாசலின் இமாம் அதை எடுத்துப் பேசும்வரை அது தலைநகரில் கிடக்கும் காகிதம்தான். அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலை.

ஒன்பதாம் படி: சேர்ந்து எண்ணுங்கள்

எண்ணுவதை ஆய்வாளரிடம் மட்டும் விடாதீர்கள். நீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்க்க வெள்ளை, கறுப்புத் தட்டு ஒன்றைக் கயிற்றில் இறக்கினால் போதும்; எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பள்ளிப்பிள்ளைகளே குறிப்பார்கள். மாதம் ஒருநாள், அதே இடம், அதே நேரம். முடிவை வழிபாடு முடிந்து மக்கள் கலைவதற்கு முன் வாசியுங்கள், குறைந்திருந்தாலும் வாசியுங்கள்.

2013-இல் தோயாங்கில் மூன்று வல்லூறுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தியபோது நாகா, வோக்கா, பாங்டி என்று பெயரிட்டார்கள். முந்தைய வருடம்வரை பறவை பிடித்த ஊரின் பெயர் தாங்கிய பறவை அரபிக்கடலைத் தாண்டியதா இல்லையா என்று அந்த ஊரே கேட்கத் தொடங்கினால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வழியில் வரும் வம்புகள்

அரசியல். கூட்டம் வெற்றி பெறுவது தெரிந்தால் யாராவது மாலையோடு வருவார்கள். எவரையும் மேடையேற்றுவதில்லை என்று முதல் நாளே எல்லாருமாக முடிவுசெய்துகொள்ளுங்கள். பின்னால் ஒருவருக்கு மட்டும் மறுக்க முடியாது.

ஆபத்து. பெரிய பணத்துக்கு எதிரே நிற்கும் விஷயமென்றால் முதலில் அடிபடுவது முன்னால் நிற்கும் மதகுருதான். தாய்லாந்தில் காட்டுக்காகப் போராடிய துறவி பிரா பிரஜாக் 1991-இல் கைதானார். அவரவர் எவ்வளவு தூரம் வரத் தயார் என்பதைத் தனிமையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அதற்கு மேல் தள்ளாதீர்கள்.

மரபே கேடு செய்யும் இடங்கள். காசு கொடுத்து உயிரினங்களை வாங்கி நீரில் விடுவது சில பௌத்த மரபுகளில் புண்ணியம். விடப்படுவது அந்நிய ஆமையாகவோ மீனாகவோ இருந்தால் உள்ளூர் இனங்களுக்கு நஷ்டம். இதைப் பொதுக்கூட்டத்தில் பேசவே கூடாது. தலைவரிடம் தனியாக, ஆய்வாளரையும் வைத்துக்கொண்டு, சிகிச்சை முடிந்த உள்நாட்டு உயிரினங்களை விடலாமா என்று யோசனையாகக் கேளுங்கள். விடுவிக்கும் கருணையைத் தொடாமல், விடப்படும் உயிரை மட்டும் மாற்றுங்கள்.

கடைசியாக, ஆள் மாற்றம். குருமார்கள் இடம் மாறுவார்கள், ஆய்வாளரின் நிதி முடியும், நீங்களும் போய்விடுவீர்கள். அதனால் ஒரு நோட்டு வையுங்கள், கணினியில் அல்ல, வழிபாட்டிடத்தின் அலமாரியில். முதல் பக்கத்தில் ஒப்பந்தம், அடுத்து மாதாமாதம் எண்ணிய கணக்கு, ஒவ்வொரு கூட்டத்திலும் யார் என்ன ஏற்றுக்கொண்டார் என்பது. புதிதாக வரும் குருவை ஒரு வாரத்துக்குள் போய்ப் பாருங்கள். நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, மூன்றாம் படியின் முதல் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.